விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தென்காசி எம்.பி. ஏன்?

கேள்வி: எங்களுக்குத் தாலுகா ஆபீஸ் வத்திராயிருப்பு, கலெக்டர் ஆபீஸ் விருதுநகர். எம்.பி. தேர்தலில் மட்டும் தென்காசித் தொகுதிக்கு ஓட்டுப் போடுகிறோம். இது ஏன்? பாதிப் பேர்கூட ஓட்டுப் போடாத ஒருவர் எல்லோருக்கும் எம்.பி. ஆவது சரியா?
— ஒரு வாசகி, கூமாப்பட்டி

பதில்: மாவட்டம் நிர்வாகத்துக்காக வகுக்கப்பட்டது. மக்களவைத் தொகுதியோ மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுவது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளை ஆறு ஆறாகச் சேர்த்து 39 மக்களவைத் தொகுதிகள் அமைத்திருக்கிறார்கள். உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் பக்கத்து ராஜபாளையமும், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி ஆகியவற்றோடு சேர்ந்துவிட்டன.

விருதுநகர் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. அவற்றில் இரண்டு தென்காசிக்கும், திருச்சுழி ராமநாதபுரத்துக்கும் போயின. மிச்சம் நான்கோடு மதுரை மாவட்டத்தின் திருப்பரங்குன்றத்தையும் திருமங்கலத்தையும் சேர்த்ததுதான் விருதுநகர் மக்களவைத் தொகுதி. ஆக, ஒரே மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள். 2008இல் வந்த மறுவரையறை ஆணையின் எல்லை இது. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தன் பெயரிலேயே மக்களவைத் தொகுதியாக இருந்தது. காமராஜரை டெல்லிக்கு அனுப்பியது அந்தத் தொகுதிதான்.

தென்காசி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. வேட்பாளர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டு மட்டும் 18 வயது நிரம்பிய எல்லா வாக்காளர்களுக்கும் உண்டு. 25 வயதானவர் போட்டியிடலாம். அவர் தொகுதிக்குள் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நாட்டில் எங்காவது வாக்காளராக இருந்தால் போதும்.

உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியமானது. நம் முறையில் பாதியைத் தாண்ட வேண்டியதில்லை, மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு ஓட்டு கூடுதலாகப் பெற்றாலே வெற்றி. 2024இல் தென்காசியில் தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார் சுமார் 4.25 லட்சம் வாக்குகள் பெற்றார். அது பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 41 சதவீதம். எதிர் ஓட்டுகள் பல வேட்பாளர்களுக்குப் பிரிந்ததால், அடுத்து வந்தவரைவிட ஏறக்குறைய இரண்டு லட்சம் அதிகம். சட்டப்படி இது முழுமையான வெற்றி. ஆனால் வென்றவர், நூற்றில் தமக்கு ஓட்டுப் போடாத 59 பேருக்கும் சேர்த்தே பிரதிநிதி. ரயில் கேட்டோ, புலிகள் காப்பகத்தை ஒட்டிய விவசாயிகளின் சிக்கலைச் சொல்லியோ நீங்கள் மனு கொடுக்கும்போது, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

எல்லை மாறுமா? மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிறுத்தம் என்கிறது அரசியல் சட்டத்தின் 84ஆவது திருத்தம். எத்தனை இடம் என்பதைப் பற்றித்தான் தமிழகம் முழுக்கப் பேச்சு. எல்லைக்கோடு எங்கே விழும் என்பதும் உங்களுக்கு அதே அளவு முக்கியம். நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி ஆகியவற்றை இயன்றவரை கருத வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டமே சொல்லியிருந்தது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களை வாங்கி, பொதுக் கூட்டத்தில் கேட்ட பிறகே மறுவரையறை ஆணையம் எல்லையை முடிவு செய்தது. அடுத்த வரைவு வரும்போது, விருதுநகரோடு இருக்க வேண்டும் என்பதற்கான காரணங்களை ஊரே கூடி எழுதிக் கொடுங்கள். ஆணை வந்தபின் சொல்லிப் பயனில்லை.