பத்துக்கு எத்தனை, கேளுங்கள்

இதய வார்டிலும் சர்க்கரை வார்டிலும் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். காய்ச்சல் இறங்கியது, மூச்சு சீரானது என்று மட்டும் பார்த்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். "இனி நானே பாத்துக்குவேன்" என்ற தெம்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

1. டிஸ்சார்ஜ் அன்று "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எந்த மாத்திரையை எப்போ சாப்பிடுவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

2. இன்சுலின் சிரிஞ்சைக் கடைசி நாள்வரை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். முடிகிறவர் கையில் சீக்கிரமே கொடுத்து, பக்கத்தில் நில்லுங்கள். மூடியைக் காட்டுங்கள்: 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். கை நடுங்கினால் நடுங்கட்டும்; அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். ஒரு தரம் தானே சரியாகப் போட்டுக்கொண்டவருக்கு வரும் தைரியம் நாம் எவ்வளவு பேசினாலும் வராது.

3. அமெரிக்காவின் கொலராடோவில் டாக்டர் எரிக் கோல்மன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்ளுங்கள். 65 வயதோ அதற்கு மேலோ ஆன 750 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்குத் துணையாக ஒரு பயிற்சியாளர்; வீட்டுக்கு ஒரு முறை போவார், பிறகு போனில் பேசுவார். மருந்துப் பட்டியல், சொந்தக் குறிப்பேடு, அடுத்த டாக்டர் சந்திப்பு, ஆபத்தின் அறிகுறிகள் என்ற நாலும்தான் பாடம். எதையும் அவர் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை; நோயாளியே டாக்டரிடம் கேட்கும்படி பழக்கினார். 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்கள் பயிற்சியாளர் துணை பெற்றவர்களில் 8.3 சதவீதம், மற்றவர்களில் 11.9.

4. தெம்பு குறைந்தவரைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். மாத்திரை வாங்கக் காசில்லாதவருக்கும், தனியாக இருப்பவருக்கும் நம்பிக்கை எங்கிருந்து வரும்? அங்கே நாம் செய்ய வேண்டியது சமூகப் பணியாளரைக் கூப்பிடுவது.

5. இதயம் பலவீனமானவரிடம், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வரச் சொல்லுங்கள். எடை மெஷின் இல்லாத வீடா? கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கவும், படுத்தால் மூச்சு வாங்கித் தலையணை கூடுதலாகத் தேவைப்படுகிறதா என்று கவனிக்கவும் பழக்குங்கள். உப்பைப் பற்றி அந்த வீட்டில் சமைப்பவரிடம் பேசுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று பெயர் சொல்லியே பேசுங்கள்.

6. ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் நாள்பட்ட நோயாளிகளுக்காக வகுத்த பயிற்சியில் ஒரு கேள்வி உண்டு: "இதைச் செஞ்சிடுவேன்னு பத்துக்கு எத்தனை நம்பிக்கை?" ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சின்னதாக்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தினம் அரை மணி நடப்பதற்கு ஐந்து என்கிறாரா? தெருமுனை வரை போய்வர எத்தனை என்று கேளுங்கள்.