'முட்டர்'னா அம்மாவா, நட்டா?

போன வருஷ இன்டர்ன்ஷிப்ல எங்களுக்குக் கிடைச்சது ஒரு பழைய கிரைண்டிங் மெஷின். மேனுவல் முழுக்க ஜெர்மன். மொபைல் ஆப்ல போட்டோ எடுத்துப் பார்த்தா, "அம்மாவை இறுக்கவும்"னு வந்தது! ஜெர்மன்ல 'முட்டர்' என்றால் அம்மா. நட்டுக்கும் அதே சொல்தான். 'வெல்லெ' அலையும் ஆகும், ஷாஃப்டும் ஆகும்.

இந்த மாதிரி தப்பு உடனே கண்ணுல பட்டுடும். எண்கள் அப்படி இல்லை. ஜெர்மன்ல 1,250 மி.மீ. என்றால் ஒண்ணே கால் மில்லிமீட்டர். அதை நம்ம ஊர் கமான்னு நினைச்சு ஆயிரத்து இருநூத்தி ஐம்பதுன்னு ஷீட்ல ஏத்தினது நான்தான். சூப்பர்வைசர் அண்ணன் பார்த்ததால தப்பிச்சோம்.

அப்போ "நம்ம கிளாஸ்ல பி1 முடிச்சவன் இருக்கானே"ன்னு தோணும். எங்களுக்கும் தோணுச்சு. ஆனா பி1 என்பது அன்றாடப் பேச்சுக்கான லெவல். மேனுவலுக்குப் பத்தாது.

முதல்ல நமக்கு யார் வேணும்னு தெளிவா இருக்கணும். எழுத்துக்கு மொழிபெயர்ப்பாளர்: ஜெர்மன்ல 'யூபர்செட்ஸர்', டச்சுல 'ஃபர்தாலர்'. வாய்ப்பேச்சுக்கு 'டோல்மெட்ஷர்', 'டோல்க்'. ரெண்டும் தனித்தனி வேலை. வெண்டாரோட வீடியோ காலுக்கு நல்ல மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டா அவரே திணறலாம்.

ஜெர்மனியில பி.டி.யூ. என்ற சங்கம் 1955ல இருந்து இருக்கு. அவங்க தளத்துல மொழி, துறை கொடுத்து ஆள் தேடலாம். நெதர்லாந்துல என்.ஜி.டி.வி. கோர்ட், அரசு ஆபீஸுக்கான ஆவணம்னா உறுதிமொழி எடுத்த ஆளா கேட்பாங்க. அதுக்கு ஜெர்மன் மாநில நீதித்துறைகளோட பொதுப் பட்டியல் இணையத்துலயே இருக்கு. நெதர்லாந்துல 2009ல நடைமுறைக்கு வந்த சட்டப்படி தனிப் பதிவேடு உண்டு. எம்.எஸ்.க்குப் போறவங்க கவனிங்க: தமிழ்ல இருக்கற பிறப்புச் சான்றிதழை இங்கேயே மாத்தி, நோட்டரி சீல் வாங்கறதுக்கு முன்னாடி, அதைக் கேட்கற ஆபீஸ்கிட்டயே "உங்க ஊர்ல பதிவான ஆள்தான் வேணுமா?"ன்னு மெயில் போடுங்க.

மேனுவலுக்கு அந்த சீல் தேவையில்லை, மெஷின் தெரிஞ்ச ஆள்தான் தேவை. பெரும்பாலும் இவங்க தங்களோட தாய்மொழிக்குள்ளதான் மாத்துவாங்க. அதனால ஜெர்மன்ல இருந்து இங்கிலீஷ்னா, இங்கிலீஷைத் தாய்மொழியா கொண்டவரைத் தேடுங்க. இன்னொருத்தர் சரிபார்ப்பாரான்னும் கேளுங்க, ஐ.எஸ்.ஓ. 17100 தரம் அதைக் கட்டாயமாக்குது.

ஜெர்மன் தெரிஞ்சவர் டச்சையும் சமாளிப்பார்னு மட்டும் நினைக்காதீங்க. 'மேர்' ஜெர்மன்ல கடல், டச்சுல ஏரி.

எங்க மேனுவல்ல முக்கியமான பதினாலு பக்கத்தை மட்டும் கம்பெனி ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிச்சு. விலை சொல்றதுக்கு முன்னாடியே அவர் மெஷினோட நேம்பிளேட் போட்டோவும் ஸ்பிண்டில் டிராயிங்கும் கேட்டார். நாங்க ஆப்ல போட்டப்போ அது எதையும் கேட்கவே இல்லை.