உப்புக்கொத்தியின் கூடும் புகைப்படக் கருவியும்

கேள்வி: கடற்கரை மணலில் முட்டையிட்டிருக்கும் உப்புக்கொத்தியைக் கூட்டோடு படம்பிடிக்க ஆசை. எவ்வளவு அருகில் செல்லலாம்? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: இத்தனை அடி என்று நான் கணக்குச் சொல்வானேன்? அதை அந்தப் பறவையே அறிவித்துவிடும். முட்டைமேல் அமர்ந்திருந்தது எழுந்து ஓடினாலும், சிறகொடிந்தாற்போல் தரையில் புரண்டு தங்களை வேறு திசைக்கு இழுக்கப் பிரயத்தனம் செய்தாலும், எல்லையைத் தாங்கள் முன்பே கடந்துவிட்டீர்கள் என்று கொள்க. (அந்த அபிநயத்தையே படமெடுத்துப் பெருமைப்படும் ரசிகர்களும் இருக்கிறார்கள்; அவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.)

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இனம் பெருக்கும் இச்சிறு பறவையை, அனுமன் உப்புக்கொத்தி என்னும் தனி இனமாக விஞ்ஞானிகள் 2023-இல் மீண்டும் அங்கீகரித்தார்கள். அதன் கூடு மணலில் ஒரு சிறு பள்ளம், அவ்வளவே. அதில் மணலின் நிறமே கொண்டு கிடக்கும் இரண்டு மூன்று முட்டைகளின்மீது, வெயில் தகிக்கும் நடுப்பகலில் பறவை வீற்றிருப்பது அவற்றைச் சூடேற்றுவதற்காக அன்று, நிழல் தந்து காப்பதற்காகவே. ஆதலால் தாங்கள் கோணம் தேடி நிற்கும் சிறிது நேரத்திலேயே கரு வெந்துபோகக்கூடும். ஆள் நடமாட்டத்தைக் கவனித்திருக்கும் காகத்துக்கும் அது அனுகூலமான தருணம். காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதை வேட்டையின் கணக்கிலேயே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சேர்த்திருக்கிறது.

கூட்டைத் தற்செயலாகக் கண்டால் வந்த சுவட்டிலேயே திரும்புங்கள். இடத்தை நண்பருக்கும் சொல்லாதீர்கள். படம் வேண்டுமாயின், அது இரைதேடும் காலை வேளையில், அலை நனைத்த மணலில் தொலைநோக்கு லென்சுடன் படுத்துக் காத்திருங்கள். அங்கே எந்த முட்டையும் இராது.