புதிதாகப் பண்ணை தொடங்கும் தம்பதியருக்கு

பட்டணத்து வேலையை விட்டு, சின்னமனூர்ப் பக்கம் நிலம் வாங்க வரும் தம்பதியர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் பாசனம் பெறுகிறது. வாங்கும் நிலம் அந்த ஆயக்கட்டைச் சேர்ந்ததா, கிணற்றை நம்பியதா என்று விசாரிக்கவும். கிணறானால், சித்திரை, வைகாசியில் எத்தனை மணி நேரம் இறைக்கிறது என்று நேரில் பார்க்கவும். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் சரிபார்த்த பிறகே முன்பணம் தரவும்.

நெல் நான்கைந்து மாதத்தில் அறுவடைக்கு வரும். வாழைக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். திராட்சைக்குப் பந்தல் செலவு அதிகம். வருமானம் அதற்கும் பின்புதான். ஆகவே சேமிப்பு முழுவதையும் நிலத்தில் போட்டுவிடாமல், ஓராண்டுக் குடும்பச் செலவை ஒதுக்கி வைப்பது நலம். முதல் ஆண்டு குத்தகைக்கு எடுத்து உழுது பார்ப்பது அதனினும் நலம்.