சினைப்பை நீர்க்கட்டி: எந்தச் சிகிச்சை யாருக்கு?

நாகூரின் வடபுறத்தை ஒட்டியிருக்கும் கீழவாஞ்சூரிலிருந்து வைத்தியத்துக்கென்று காரைக்காலுக்குப் போனாலும் நாகப்பட்டினத்துக்குப் போனாலும், மாதவிலக்கு தவறிய பெண் திரும்பிவருகையில் அவள் கையில் ஸ்கேன் சீட்டும் அவள் தாயின் மனத்தில் பெருங்கலக்கமும் சேர்ந்தே வருகின்றன. கலக்கம் அவசியமில்லை, ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டிகள் அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகளல்ல, முதிராமல் பாதியில் நின்றுவிட்ட முட்டைப் பைகளே. விலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருந்து, தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகள் இல்லையென்றும் தெளிந்த பிறகே இந்நோயை உறுதிசெய்ய வேண்டும் என்பது 2003-இல் ராட்டர்டாம் நகரில் நிபுணர்கள் வகுத்த விதி. பூப்பெய்தி எட்டாண்டு நிறையாதவளுக்கு ஸ்கேனை ஆதாரமாகக் கொள்வது தகாது.

பலருக்கு இதன் அடியில் இருப்பது இன்சுலின் மிகுதி. தேகம் அதற்கு இணங்காததால் கணையம் மேன்மேலும் சுரக்க, அம்மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது. ஆதலால் உணவுக் கட்டுப்பாடும் நடையும் எல்லோருக்கும் பொது. பருமனுள்ளவர்கள் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு சீர்ப்படுகிறது. மீனை ஒதுக்க வேண்டியதில்லை. குறைக்க வேண்டியவை குவித்துப் போடும் சோறும் சர்க்கரையும்.

மருந்தோ, அவளுக்கு இப்போது வேண்டியது எதுவோ அதைப் பொறுத்தது. விலக்கு ஒழுங்குபடவும் முகரோமமும் பருவும் தணியவும் வேண்டுமானால் கர்ப்பத்தடை மாத்திரையே முதன்மையானது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அதைக் கொடுப்பதா என்று தாய்மார் தயங்குவது இயல்பே. ஆனால் அது பிற்காலக் கருத்தரிப்பைக் கெடுப்பதில்லை என்று அவர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்வது வைத்தியரின் கடமை என்பது என் அபிப்பிராயம். இரத்த உறைவு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி போன்றவை உடையவர்களுக்கு அது ஆகாது. சர்க்கரையே முக்கியக் கவலையென்றால் மெட்பார்மின். வயிற்றைப் புரட்டும், ஆகவே சிறிய அளவில் தொடங்கி, உணவோடு உட்கொள்ள வேண்டும். ரோமத்துக்கு அதனால் பெரிய பிரயோஜனமில்லை.

குழந்தை வேண்டுவோருக்கு லெட்ரோசோல் சிறந்தது. 2011-இல் நம் நாட்டில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு அதைத் தடைசெய்து, 2017-இல் தடையை நீக்கினார்கள். இடையே 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியில் லெட்ரோசோல் உண்டவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், பழைய குளோமிபீன் உண்டவர்களில் 19.1 பேரும் குழந்தை பெற்றனர்.

இவை எதையும் விரும்பாதவள்கூட, மூன்று மாதத்துக்கு மேல் விலக்காகாமல் விட்டுவிடலாகாது. கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடமுண்டாதலால், புரோஜெஸ்டிரோன் மாத்திரையால் அவ்வப்போது உதிரத்தை வரவழைக்க வேண்டும். சர்க்கரை நோய் உண்டா என்று அறிய, 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனையை மெலிந்த பெண்ணும் தவிர்க்கலாகாது.