யார் செய்த குற்றம்?



பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம் என்று இயேசுவிடம் கேட்டதை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆம்பூர், வேலூர்ப் பக்கத்து வீடுகளில் இதே கேள்வி இன்றும் தாயை நோக்கி எழும்புகிறது.

ஹீமோஃபீலியா உள்ள பையனுக்கு இரத்தத்தை உறையவைக்கும் 8-ஆம் ஃபாக்டர் குறைவு, சிலருக்கு 9-ஆவது. இரத்தம் வேகமாக ஓடுவதில்லை, நிற்கத்தான் தாமதிக்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கைக்குள் அடிக்கடி கசிந்தால் மூட்டு முடங்கிப்போகும். இக்குறை பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இருந்ததில்லை. இது சாபமுமல்ல, தாயின் குற்றமுமல்ல.

உங்கள் சபையில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெற்றோருக்குச் சொல்லுங்கள்: வீங்கிய மூட்டை எண்ணெய் தேய்த்து உருவக்கூடாது. ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. தசையில் ஊசி போடலாகாது. மூட்டை அசைக்காமல், ஐஸ் ஒத்தடம் வைத்து, ஃபாக்டர் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டுபோகவேண்டும். பல் பிடுங்குமுன் டாக்டரிடம் வியாதியைச் சொல்லவேண்டும்.

1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய ஊழியமே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே கடும் ஹீமோஃபீலியா உள்ள 5 பேருக்கு, அவர்களுடைய சொந்த இரத்த மூலச்செல்களில் 8-ஆம் ஃபாக்டரின் மரபணுவைச் சேர்த்துச் செலுத்தினார்கள். அதன்பின் கண்காணித்த நாளெல்லாம் ஒருவருக்கும் இரத்தக்கசிவு உண்டாகவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம்! ஆயினும் இது ஐவரைக் கொண்ட ஆரம்ப ஆராய்ச்சியே. மற்றப் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த மருந்துகளே வழி.

உங்கள் காணிக்கை ஒரு பிள்ளைக்கு மருந்தாகும். உங்கள் வார்த்தை ஒரு தாயின் தலையை நிமிரச் செய்யும். இரண்டையும் தாருங்கள், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.