முதலில் தேதி, பிறகு கட்டிடம்

அன்புள்ள நண்பருக்கு,

நகராட்சி கலையரங்கம் கட்டப்போகிறது, இனியாவது ஊரில் கலை வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிடம் நிச்சயம் எழும்பும். திறப்பு விழாவில் ஒரு நாட்டியமும் நடக்கும். அப்புறம் முகூர்த்த நாளில் வரவேற்பு, மற்ற நாளில் பூட்டு. அப்படிப்பட்ட அரங்குகளின் வாட்ச்மேன்களோடு நிறைய டீ குடித்தவன் நான்.

சென்னைக் கதையைச் சொல்கிறேன். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு அங்கே கூடியபோது, அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அந்தச் சூட்டில் மறுவருஷமே மியூசிக் அகாடமி பிறந்தது. அதற்கென்று சொந்த அரங்கம் திறந்தது எப்போது தெரியுமா? 1962இல். நடுவில் 34 வருஷம் பந்தலிலும் இரவல் கூடத்திலும்தான் பிழைப்பு. ஆனால் டிசம்பர் பிறந்தால் கச்சேரி உண்டு என்பது ஊருக்குப் பழகிவிட்டது. மற்ற இசை சபாக்களும் அதே மாதத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்த டிசம்பர் சீசனில் ஒரு பகல் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. நான் போன ஒன்றில், மேடையில் பதினெட்டு வயதிருக்கும் ஒரு பெண். கீழே இருபது பேர், பாதி அவள் சொந்தக்காரர்கள். பக்கத்தில் கேன்டீன் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்த பெரியவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தேன். கல்பனாஸ்வரம் முடித்துப் பாட்டுக்குத் திரும்பும் எடுப்பு அவளுக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல் சட்டென்று நின்றது. அவள் சரிசெய்துகொண்டதும் மறுபடி அசைந்தது. அந்த விரல் ஒரு நகரத்தின் சொத்து. டெண்டர் விட்டு வாங்க முடியாது. பல டிசம்பர்கள் ஆகும்.

குறையும் உண்டு. சபா வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்காரர்கள். அதை உடைக்க 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவ மக்களோடு சேர்ந்து விழா எடுத்தார்கள். அதற்கு முன்பே, 2007இல் தொடங்கி, பிறகு பொங்கலையொட்டி நடந்த சென்னை சங்கமம் விழா, கிராமியக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்து ஆடவிட்டது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். 2011இல் ஆட்சி மாறியது, சங்கமமும் நின்றது. திரும்ப வந்தது 2023 ஜனவரியில். கரகாட்டக்காரருக்குப் பொங்கல் தேதி எப்போதும் தெரியும்; சென்னைக்குப் பஸ் ஏறுவோமா என்பது மட்டும் தேர்தல் முடிவில் இருந்தது.

ஆகவே உங்கள் ஊருக்கு இரண்டும் வேண்டும்: சபாவின் பிடிவாதம், சங்கமத்தின் திறந்த வாசல். ஜனங்கள் ஏற்கெனவே வந்துபோகும் இடமாகப் பாருங்கள். தெப்பக்குளக் கரையோ, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள மைதானமோ போதும். மாதத்தின் கடைசி சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. எம்.எல்.ஏ. வரத் தாமதமானாலும் ஆறுக்கு ஆரம்பித்துவிடுங்கள். 100 வீட்டில் மாதம் 100 ரூபாய் வாங்குங்கள். ஒருவர் பையிலிருந்து மொத்தமாக வாங்காதீர்கள், அவர் கோபித்துக்கொண்டால் விழா போய்விடும். ஒரு மாதம் பறை, ஒரு மாதம் நாகஸ்வரம், ஒரு மாதம் பள்ளிப்பிள்ளைகளின் நாடகம். பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசையும் சேர்த்துக் கலைஞர் கையில் கொடுங்கள், அன்றைக்கே.

இரண்டு வருஷம் போகட்டும். ஒரு சனிக்கிழமை அடைமழையால் நிகழ்ச்சி நடக்காமல் போகும். மறுநாள் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களை நிறுத்தி, “என்ன சார், நேத்து ஒண்ணும் இல்லையா?” என்று கேட்பார். அன்றைக்கு அஸ்திவாரம் தோண்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்